டிங்கி: இரண்டாம் முறை ஏன் ஆபத்து?



“ஒரு தடவ டிங்கி வந்துருச்சுன்னா அப்புறம் பயமில்ல.” பெஸ்தாரி ஜெயா தோட்டப்புறங்களில் இப்படிப் பேசுவோர் உண்டு. உண்மை வேறு.

டிங்கிக் கிருமியில் நான்கு வகைகள் உள்ளன. ஒரு வகை தாக்கினால் அந்த வகைக்கு மட்டுமே நீண்ட காலப் பாதுகாப்பு கிடைக்கும். மற்ற மூன்றுக்கும் சில மாதங்கள்தான்.

காரணம் என்ன? நம் உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள் கவட்டை வடிவமானது. இரு கைகளும் கிருமியைப் பிடிக்கும். காம்பு வெள்ளை அணுவின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியில் மாட்டும். உடனே அணு விழித்துக்கொண்டு கிருமியை விழுங்கி அழிக்கும்.

இரண்டாம் முறை வேறு வகை வந்தால், பழைய எதிர்ப்பொருள் அதைப் பிடிக்கும். ஆனால் முடக்காமல் போகலாம். அப்போது ஏற்பியே உயிருள்ள கிருமியை உள்ளே இழுத்துவிடும். கிருமி அங்கேயே பெருகும். தூண்டப்பட்ட அணுக்கள் அளவுக்கு மீறி இரசாயனங்களை வெளியிட, நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசியும். இரத்த அழுத்தம் சரியும். எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை. ஆனால் வாய்ப்பு கூடுகிறது.

கட்டுரை எழுதும் மாணவர்கள் ‘கொசுவை ஒழிப்போம்’ என்பதோடு நிறுத்தாமல், இந்தக் காரண காரியத் தொடரையும் விளக்கலாம். 1962இல் பினாங்கில் இரத்தக்கசிவு டிங்கி பதிவானதைச் சான்றாகத் தரலாம்.

காய்ச்சல் இறங்கும் நாளில்தான் கவனம் தேவை. கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், சோர்வு தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஆஸ்பிரின் வேண்டாம். முன்பு டிங்கி வந்திருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.