பக்கவாதம் வந்தது எத்தனை மணிக்கு? ஸ்கேன் சொல்லும் ரகசியம்!

"ராத்திரி நல்லாத்தான் சாப்பிட்டுட்டுப் படுத்தார். காலையில காபி கொண்டுபோனா, வாய் ஒரு பக்கம் கோணியிருக்கு. கையைத் தூக்க வரலை!"

அக்கம்பக்கத்தில் இந்த மாதிரிப் பேச்சைக் கேட்காதவர்கள் இருக்க மாட்டோம். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர், தூங்கி எழும்போதுதான் அதைக் கவனிக்கிறார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?" என்பதுதான். காரணம் இருக்கிறது. மூளை ரத்தக்குழாயை அடைத்த கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4½ மணி நேரத்துக்குள் போட வேண்டும். தாமதித்துப் போட்டால் பலன் குறைவு. மூளைக்குள் ரத்தம் கசியும் அபாயமும் உண்டு. தூக்கத்தில் வந்ததற்கு யார் சாட்சி? படுத்த நேரத்திலிருந்து கணக்குப் போட்டு, "நேரம் கடந்துடுச்சும்மா" என்று பலருக்கு ஊசி போடாமலே விட்டதுண்டு. இங்கேதான் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கைகொடுக்கிறது.

ஊறின கடலை மாதிரி!

மூளையின் ஒவ்வொரு செல்லும் உள்ளே வரும் உப்பை ஓயாமல் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. அதற்குத் தேவையான சக்தி, ரத்தம் கொண்டுவரும் பிராணவாயுவிலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் கிடைக்கிறது. ரத்தம் நின்றால் இந்த வேலையும் நின்றுவிடும். உப்பு உள்ளே புகும். பின்னாலேயே தண்ணீரும் புகும். செல் உப்பிவிடும்.

கொண்டைக்கடலையை ஊறவைத்துப் பாருங்கள். கடலை உப்பியதும் பாத்திரத்தில் தண்ணீர் ஓட இடமே இருக்காது, இல்லையா? மூளையிலும் அதே கதைதான். தண்ணீரின் நடமாட்டம் அடங்கிப்போன இடத்தை 'டிஃப்யூஷன்' என்ற எம்.ஆர்.ஐ. படம் பளிச்சென்று வெள்ளையாகக் காட்டிவிடும். 1990-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மைக்கேல் மோஸ்லியும் அவர் குழுவினரும் பூனைகளை வைத்து ஆராய்ந்தபோது, அடைப்பு ஏற்பட்டு ஒரு மணி நேரம் ஆவதற்குள்ளேயே இந்த மாற்றம் தெரிந்தது. சாதாரண எம்.ஆர்.ஐ. படத்தில் அப்போது ஒன்றுமே தெரியவில்லை!

'ஃப்ளேர்' என்று இன்னொரு வகைப் படம் உண்டு. அதில் பாதிப்பு தெரியச் சில மணி நேரமாகும். ஆக, முதல் படத்தில் வெள்ளை தெரிந்து, இரண்டாவதில் தெரியாவிட்டால், பக்கவாதம் வந்து பெரும்பாலும் 4½ மணி நேரத்துக்குள்தான் இருக்கும் என்று டாக்டர் ஊகிக்கலாம்.

2018-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்றில், வந்த நேரம் தெரியாத 503 நோயாளிகளை இப்படிப் படம் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து, ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு 53 பேர் நன்றாகத் தேறியிருந்தார்கள். போடாதவர்களில் 42 பேர்.

அடுத்தடுத்த நாட்களில் எடுக்கும் படங்களும் பேசும். தண்ணீரின் நடமாட்டம் ஒரு வாரம் போல அடங்கியிருந்து, பிறகு மெல்லக் கூடும்; மாதங்கள் கழித்து அழிந்த இடத்தில் நீர் தேங்கிவிடும். இதை வைத்து, இது பழைய வடுவா, புதுத் தாக்குதலா என்று பிரித்தறிய முடிகிறது.

ஸ்கேனுக்குப் போகும்போது

இதில் எக்ஸ்-ரே கதிர் கிடையாது, காந்தம்தான். உள்ளே 'டக் டக்' என்று பெரிய சத்தம் கேட்கும், பயப்பட வேண்டாம். ஹேர்பின், தோடு, மெட்டி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். தாலிச் சரட்டில் கோத்திருக்கும் ஊக்கை மறந்துவிடாதீர்கள்! இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: பல ஆஸ்பத்திரிகளில் முதலில் சி.டி. ஸ்கேன்தான் எடுப்பார்கள். வந்தது ரத்தக்கசிவா, அடைப்பா என்று சட்டென்று பார்க்க அது உதவும். "எம்.ஆர்.ஐ.தான் வேணும்" என்று அடம் பிடித்து நேரத்தைக் கடத்தாதீர்கள்.

வீட்டில் நாம் செய்ய வேண்டியது

* சிரிக்கச் சொல்லுங்கள், வாய் கோணுகிறதா? இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள், ஒன்று இறங்குகிறதா? பேச்சு குழறுகிறதா? ஒன்று இருந்தாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

* கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். "ரெண்டு மணிக்கு பாத்ரூம் போயிட்டு வந்தாரே, அப்போ நல்லாத்தான் நடந்தார்" என்ற ஒரு தகவலே சிகிச்சையை மாற்றிவிடலாம்.

* காபி, தண்ணீர், மாத்திரை எதுவும் கொடுக்காதீர்கள், புரையேறிவிடும். எண்ணெய் தேய்த்து உட்கார வைக்கும் வேலையும் வேண்டாம்.

* பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகிவிட்டதா? அப்போதும் போய்த்தான் ஆக வேண்டும். அப்படிப்பட்டவர்களிலும் பலருக்கு ஸ்கேனில் சின்னப் புள்ளிகள் தெரிவதுண்டு. பெரிய தாக்குதலுக்கு அது எச்சரிக்கை மணி.

பெரிய ரத்தக்குழாய் அடைபட்டால், நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் அழிகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். "விடியட்டும், பார்த்துக்கலாம்" என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள்!