அணுவுக்குள் ஓர் இடிக்கடவுள்

தோரியத்தின் பெயரில் ஒளிந்திருக்கிறது ஐரோப்பாவின் ஒரு பழைய மதம். அதைக் கற்க விரும்புகிறவர் முதலில் கேட்கவேண்டியது: இதையெல்லாம் எழுதி வைத்தது யார்?

மும்பையின் அணுசக்தி நகரில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குத் தோரியம் என்பது வீட்டுச் சொல். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கடற்கரை மணலில், மோனசைட் என்ற கனிமத்தில் அது கலந்திருக்கிறது. 1909ல் அதைக் கண்டறிந்தவர் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர். ஹோமி பாபா வகுத்த மூன்று கட்ட அணுசக்தித் திட்டத்தின் கடைசிக் கட்டம் தோரியத்தை நம்பித்தான் இருக்கிறது. ஒரு காலத்தில் கல்யாண வீட்டு பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேன்டிலிலும் அதுதான் ஒளிர்ந்தது.

பெயர் மட்டும் நம் ஊருடையது அல்ல. தோர் என்பது வட ஐரோப்பிய மக்கள் கிறிஸ்தவர்களாவதற்கு முன் வணங்கிய இடிக்கடவுளின் பெயர். ஸ்வீடன் வேதியியலாளர் பெர்சீலியஸ், புதிய பொருள் ஒன்றைக் கண்டுவிட்டதாக நம்பி 1815ல் அதற்குத் தோரின் பெயரை வைத்தார். அது புதிதல்ல என்று பிறகு தெரிந்தது. 1828ல் நார்வேயிலிருந்து வந்த ஒரு கனிமத்தில் நிஜமாகவே புதிய தனிமம் கிடைத்தபோது, சும்மா கிடந்த பழைய பெயரை எடுத்து அதற்குச் சூட்டினார். வனேடியமும் இப்படித்தான். அது ஃப்ரேயா என்ற தேவியின் மற்றொரு பெயரிலிருந்து வந்தது.

ஆய்வுக்கூடத்தை விடுங்கள், காலண்டரைப் பாருங்கள். ரோமானியர்கள் கிரகங்களின் பெயரால் வாரநாட்களை அழைத்தார்கள். ஜெர்மானிய மக்கள் அந்த வாரத்தை ஏற்றபோது கிரகக் கடவுளருக்குப் பதில் தங்கள் தெய்வங்களை வைத்தார்கள். நம் செவ்வாய் அங்கே டீயின் நாள். புதன், வோடனின் நாள். வியாழன், தோரின் நாள். வெள்ளி, ஃப்ரிக்கின் நாள். சனி மட்டும் ரோமானியப் பெயரோடு தப்பித்தது. தர்ஸ்டே அன்று டிபார்ட்மென்டில் மீட்டிங் என்று சொல்லும்போதெல்லாம் தோர் வந்துபோகிறார்.

வேதம் இல்லாத மதம்

பெயர்கள் இவ்வளவு உறுதியாக நிலைத்திருக்க, மதத்தைப் பற்றி நமக்குத் தெரிவது வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு. அந்த மக்களிடம் ரூன் என்ற எழுத்து இருந்தது. கல்லிலும் மரத்திலும் பெயர்களையும் நினைவுக் குறிப்புகளையும் பொறித்தார்கள். வேதமோ புராணமோ எழுதிவைக்கவில்லை.

எழுதியவர்கள் வேறு ஆட்கள். கி.பி. 98ல் ஜெர்மானியக் குலங்களைப் பற்றி எழுதிய டாசிட்டஸ் ஒரு ரோமானியர். வோடன் என்று சொல்லாமல் புதன் கிரகக் கடவுளின் ரோமானியப் பெயரால்தான் எழுதினார். 11ம் நூற்றாண்டில் ஸ்வீடனின் உப்சாலா கோயிலையும் அங்கே ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை நடந்த பலித் திருவிழாவையும் விவரித்த பிரேமன் நகர ஆடம் ஒரு கிறிஸ்தவ குரு. பிறர் சொல்லக் கேட்டு எழுதியவர்.

புராணக் கதைகளில் பெரும்பகுதி ஐஸ்லாந்தின் ஸ்னோரி ஸ்டுர்லுசன் (1179-1241) என்பவரால் கிடைத்தது. அவரும் கிறிஸ்தவர்தான். சுமார் 1220ல் அவர் எட்டா என்ற நூலை எழுதியது பக்திக்காக அல்ல, கவிதைக்காக. பழைய புலவர்கள் தங்கத்தை 'ஸிஃபின் கூந்தல்' என்பார்கள். ஸிஃப் தோரின் மனைவி. குறும்பன் லோகி அவள் கூந்தலை வெட்டிவிட, குள்ளர்கள் பொன்னால் கூந்தல் செய்து தந்தார்கள். தோரின் சுத்தியலும் அந்தச் சமயத்தில் செய்யப்பட்டதுதான். கதை தெரியாவிட்டால் கவிதை புரியாது என்று கவலைப்பட்டார் ஸ்னோரி. ஆனால் நூலின் முன்னுரையில், இந்தத் தெய்வங்கள் டிராய் நகரிலிருந்து வந்த மனிதர்களே என்ற விளக்கமும் இருக்கிறது.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிய சிக்கல் அல்ல. எட்டுத்தொகை நூல்கள் பலவற்றின் கடவுள் வாழ்த்தைப் பின்னால் வந்த பெருந்தேவனார் பாடிச் சேர்த்தார். அதை வைத்துச் சங்க காலத்து வழிபாட்டை அளக்கக்கூடாது என்பது நம் வகுப்பறைப் பாடம். அந்தப் பாடம் இங்கேயும் உதவும்.

சிலுவையும் சுத்தியலும்

மதம் மாறிய காலத்தைப் பற்றி நல்ல சாட்சி ஒன்று டென்மார்க்கில் கிடைத்தது. 10ம் நூற்றாண்டைச் சேர்ந்த கல் அச்சு. அதில் சிலுவையும் வார்க்கலாம், தோரின் சுத்தியலும் வார்க்கலாம். எந்தச் சாமியைக் கேட்டு வந்தாலும் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பாத தட்டார்!

ஐஸ்லாந்தில் சுமார் கி.பி. 1000ல் இரு தரப்பும் மோதும் நிலை வந்தது. தீர்ப்பு சொல்லும் பொறுப்பு தோர்கெய்ர் என்ற சட்டத் தலைவரிடம் வந்தது. பழைய மதத்தவரான அவர் ஒரு பகலும் ஓர் இரவும் போர்வைக்குள் படுத்து யோசித்தார். எழுந்து, எல்லோரும் ஞானஸ்நானம் பெறவேண்டும், ரகசியமாகப் பலியிடுவதற்குத் தடையில்லை என்றார். அந்தச் சலுகையும் சில ஆண்டுகளில் நீக்கப்பட்டது.

அங்கும் ஒரு உ.வே.சா.

பழைய தெய்வப் பாடல்களின் முக்கியச் சுவடி 13ம் நூற்றாண்டில் தோலில் எழுதப்பட்டது. 1643ல் ஒரு பிஷப்பின் கைக்கு வந்து, 1662ல் டென்மார்க் மன்னருக்குப் பரிசாகப் போனது. 1971ல்தான் ஐஸ்லாந்து திரும்பியது. வரவேற்கத் துறைமுகத்தில் பெருங்கூட்டம்.

மற்ற சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தவர் ஆர்னி மாக்னுசன் (1663-1730). உடுப்பு தைக்க அளவுத் துண்டாக வெட்டப்பட்ட ஏடுகள்கூட அவருக்குக் கிடைத்தன. 1728ல் கோபன்ஹேகன் தீயில் அவர் நூலகத்தின் ஒரு பகுதி எரிந்தது. உ.வே. சாமிநாதையரின் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு ஆர்னியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

கலப்படம் எங்கே?

இவ்வளவு இடைவெளி உள்ள இடத்தில் கற்பனை புகுவது சுலபம். ஆஸ்திரியாவின் கீடோ ஃபான் லிஸ்ட் 1908ல் பதினெட்டு ரூன் எழுத்துகள் கொண்ட 'ரகசிய' வரிசையை வெளியிட்டார். கல்வெட்டுகளில் காணப்படும் பழைய வரிசையில் 24 எழுத்து, வைக்கிங் காலத்தில் 16. லிஸ்ட்டின் பதினெட்டு அவருடைய சொந்தச் சரக்கு. பின்னர் ஹிட்லரின் எஸ்.எஸ். படை ரூன் வடிவத்தைச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டது. இன்றும் வெள்ளை இனவெறிக் குழுக்கள் அந்தச் சின்னங்களை விடவில்லை. 1972ல் ஐஸ்லாந்தில் தொடங்கி, அடுத்த ஆண்டே அரசு அங்கீகாரம் பெற்ற பழைய மதச் சங்கம் இந்த இனவாதத்தை ஏற்பதில்லை.

நம் பக்கத்துக் கலப்படம் வேறு வகை. இடியை ஆயுதமாகக் கொண்டவர், பாம்போடு போரிட்டவர், குடியில் சளைக்காதவர் என்ற மூன்றும் இந்திரனுக்கும் பொருந்தும் என்பதால் 'எல்லாம் இங்கிருந்து போனதுதான்' என்று முடித்துவிடுகிறோம். இரண்டும் உறவுள்ள மொழிகளைப் பேசிய மக்களின் தெய்வங்கள் என்பது வரை அறிஞர்கள் ஒப்பிடுகிறார்கள். ஒற்றுமை உறவைக் காட்டலாம். பட்டாவைக் காட்டாது.

சினிமாவில் மழித்த முகத்தோடோ பொன்னிறத் தாடியோடோ வரும் தோரைப் பார்த்துவிட்டுக் கேட்கும் பிள்ளைக்குச் சொல்லுங்கள்: பழைய கதைகளில் அவர் தாடி சிவப்பு, ஓட்டுவது ஆட்டுக்கடா வண்டி. பிறகு ஸ்னோரியைக் கொடுங்கள், அடுத்து அந்தப் பாடல்களை, அதற்கும் பின் தொல்லியலாளர் தோண்டியெடுத்ததை. ஒன்று சொல்வதை மற்றொன்றோடு ஒத்துப்பார்க்கட்டும். மோனசைட் மணலிலிருந்து தோரியத்தைப் பிரிப்பதைவிட இது ஒன்றும் சிரமமான வேலையில்லை.