கீழ் மன்ஹாட்டன் நடையுலாவில் நகை

நியூயார்க்கின் சுற்றுலாப் பேருந்து வழிகாட்டியாக இருந்து, தமது நகைப்பேச்சால் 'தி குரூஸ்' (1998) ஆவணப்படத்தின் வழி அறியப்பட்டவர் திமோதி லெவிட்ச். ரிச்சர்ட் லிங்க்லேட்டர் 2003இல் வெளியிட்ட 'லைவ் ஃப்ரம் ஷிவாஸ் டான்ஸ் ஃப்ளோர்' குறும்படத்தில், இரட்டைக் கோபுரங்கள் வீழ்ந்த இடத்தருகே அவர் பேசியவாறு உலவுகிறார். அங்கே காட்டெருமைகள் மேயும் பூங்கா அமைக்கலாம் என்பது அவரது யோசனை.

2,700க்கும் மேற்பட்டோர் மாண்ட நிலத்தில் நகை தகுமா? நகையின் நிலைக்களன்களாகத் தொல்காப்பியம் எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கைச் சுட்டும். லெவிட்சின் யோசனை பேதைமை போலத் தோன்றினும், உண்மையில் எள்ளலே. மாண்டோரை அது தீண்டுவதில்லை. மனைவிலை மிகுந்த அப்பகுதியில் மேய்ச்சல் நிலம் கேட்பதால், இடத்தைப் பணமாக மட்டும் காணும் நோக்கையே எள்ளுகிறது. அழிவும் ஆக்கமும் ஒருங்கே நிகழும் சிவனின் ஆடற்களத்தைத் தலைப்பு நினைவூட்டுவது இதனோடு இயைகிறது. ஆயினும் அதில் சைவ மெய்ப்பொருளைத் தேடுதல் மிகையாகும்.