சாவி மேசையில், கார் இயக்கத்தில்!

சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு. எண்பது வயதைக் கடந்த என் தந்தையை மருத்துவமனையில் காட்டிவிட்டு வீடு திரும்பும்போது மணி பத்தைத் தாண்டிவிட்டது. வீட்டோடு ஒட்டிய ஷெட்டுக்குள் காரை நிறுத்தினேன். ஒரு கையில் மருந்துப் பை, மறு கையில் அப்பாவின் தோள். கதவைச் சாத்தியபோது கார் இரண்டு மூன்று முறை ‘பீப்’ ஒலி எழுப்பியது. கதவு பூட்டிக்கொண்ட ஓசை என்று எண்ணிக்கொண்டேன். சாரல் உள்ளே வராதிருக்க ஷட்டரை முழுவதும் இறக்கினேன். சாவியை வழக்கம்போல மேசைமீது வைத்துவிட்டுப் படுத்தேன்.

நள்ளிரவு கடந்து இரண்டு மணிக்கு அப்பா கதவைத் தட்டினார். “ஷெட்டுல ஏதோ சத்தம் கேக்குதுப்பா. வண்டி ஓடுற மாதிரி இருக்கு” என்றார். அவருடைய அறையின் சுவர்தான் ஷெட்டுக்கும் சுவர். “சாவி என் மேசை மேல இருக்குப்பா. மழைச் சத்தமா இருக்கும், நீங்க படுங்க” என்று சொல்லி அனுப்பினேன். சிறிது நேரத்தில் மீண்டும் வந்தார். “எதுக்கும் ஒரு தடவை பாத்துட்டு வந்துடேன்.”

எரிச்சலோடுதான் எழுந்து போனேன். ஷெட்டுக்குச் செல்லும் உட்கதவைத் திறந்ததும் வெப்பமான புகைக்காற்று முகத்தில் மோதியது. காரின் முகப்புத் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. இன்ஜின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. ஏறக்குறைய நான்கு மணி நேரமாக அந்த வண்டி அணைக்கப்படவே இல்லை. ஷட்டரை ஏற்றி, பொத்தானை அழுத்தி, வீட்டின் எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டேன். அப்பா லேசாகத் தலைவலிக்கிறது என்றார். அலைச்சலால் வந்த வலியா, அந்தப் புகையால் வந்ததா என்று இன்றுவரை என்னால் சொல்ல இயலாது.

காரை அணைக்க மறந்தது என் தவறு. அதை மறுக்கவில்லை. ஆனால், “சாவி என்னிடம் இருக்கிறது, ஆகவே வண்டி ஓடாது” என்று ஏன் அவ்வளவு உறுதியாகச் சொன்னேன்? இந்தக் கேள்விதான் இக்கட்டுரைக்குக் காரணம்.

சாவி செய்த மூன்று வேலைகள்

பழைய உலோகச் சாவி மூன்று செயல்களை ஒன்றாகக் கட்டி வைத்திருந்தது. சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தால்தான் அதை உருவ முடியும். உருவினால்தான் வெளியே வந்து கதவைப் பூட்ட முடியும். அணைப்பது, எடுப்பது, பூட்டுவது என்ற வரிசையில் ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது நடக்காது. கையில் சாவி இருக்கிறது என்பதே வண்டி நின்றுவிட்டது என்பதற்கான சான்றாக இருந்தது. தலைமுறைகளாக நம் கைகள் கற்றுக்கொண்ட பாடம் அது.

பொத்தானை அழுத்தி இயக்கும் கார்களில் இந்தக் கட்டு அவிழ்ந்துவிட்டது. நம் சட்டைப்பையில் இருக்கும் ‘ஸ்மார்ட் சாவி’ உண்மையில் ஒரு சிறிய ரேடியோ கருவி. “இவர் உரிமையுள்ளவர்தான்” என்று காருக்கு அடையாளம் சொல்வது அதன் வேலை. வண்டி ஒருமுறை இயங்கத் தொடங்கிவிட்டால், தொடர்ந்து இயங்க அது அருகில் இருக்க வேண்டும் என்பதில்லை. இதற்கு நியாயமான காரணமும் உண்டு. நெடுஞ்சாலையில் விரைந்துகொண்டிருக்கும்போது சாவியின் பேட்டரி தீர்ந்தாலோ சமிக்ஞை தடைபட்டாலோ இன்ஜின் நின்றுவிட்டால் விபத்துதான் மிஞ்சும். எனவே, சாவி விலகிப் போனால் கார் எச்சரிக்கும். பெரும்பாலும் அதோடு நின்றுகொள்ளும். அன்றிரவு நான் கேட்ட ‘பீப்’ பூட்டும் ஓசை அல்ல, அந்த எச்சரிக்கை.

சாவி இல்லாமலும் வண்டி தொடர்ந்து ஓடும் என்பதற்கு இன்னொரு விளைவும் உண்டு. அணைக்காமல் தெருவில் விட்டுச்செல்லும் காரை, சாவி இல்லாத ஒருவர் ஓட்டிக்கொண்டு போய்விடலாம்.

மௌனம் என்பது நிறுத்தம் அல்ல

சாதாரண பெட்ரோல் காராக இருந்தால், இறங்கும்போது இன்ஜினின் ஓசையும் அதிர்வும் காட்டிக்கொடுத்திருக்கும். ஹைபிரிட் கார் அந்த இரண்டாவது சாட்சியையும் அகற்றிவிடுகிறது. 1997இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ் பரவலாக்கிய தொழில்நுட்பம் இது. பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன. வண்டி நிற்கும்போது இன்ஜின் தானாக ஓய்ந்துவிடும். எரிபொருள் மிச்சமாவதும் நகர நெரிசலில் புகை குறைவதும் இதனால்தான். இந்தத் தொழில்நுட்பத்தின்மீது எனக்குக் குறை இல்லை.

ஆனால், சத்தமில்லாமல் நிற்கும் ஹைபிரிட் கார் அணைந்துவிட்டதாகப் பொருள் இல்லை. முகப்புத் திரையில் ‘ரெடி’ என்ற எழுத்து ஒளிரும்வரை அது புறப்படத் தயாராகவே நிற்கிறது. குளிர்சாதனமும் கணினியும் விளக்குகளும் பெரிய மின்கலத்திலிருந்து மின்சாரத்தை எடுத்துக்கொண்டிருக்கும். மின்கலத்தின் இருப்பு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியதும், காரின் கணினியே இன்ஜினை முடுக்கும். மின்கலம் ஓரளவு நிரம்பியதும் இன்ஜின் ஓயும். மீண்டும் குறையும், மீண்டும் முடுக்கும். ஆளில்லாமல், இரவு முழுவதும், எரிபொருள் உள்ளவரை இது நடக்கலாம். நாம் இறங்கும் நேரத்தில் ஓசையின்றி இருந்த வண்டி, நாம் உறங்கிய பிறகு விழித்துக்கொள்கிறது.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு நிலை உண்டு. பிரேக்கை மிதிக்காமல் பொத்தானை அழுத்தினால், பாட்டுப்பெட்டி, திரை போன்றவை மட்டும் உயிர்பெறும். ‘ரெடி’ விளக்கு எரியாது. இந்த நிலையில் மறந்துவிட்டால் இன்ஜின் முடுக்காது. மின்கலத்தை நிரப்ப ஆளில்லாததால் சிறிய 12 வோல்ட் பேட்டரி தீர்ந்துபோய், காலையில் கார் எழாது. அது தொல்லை மட்டுமே. ‘ரெடி’ நிலையில் மறப்பதுதான் ஆபத்து. முழுக்க மின்சாரத்தில் ஓடும் கார்களில் புகையே இல்லை என்பதால் இந்த ஆபத்தும் இல்லை.

மணமில்லாத நஞ்சு

இன்ஜின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நாம் முகர்வது புகையிலுள்ள பிற பொருள்களின் மணத்தைத்தான். ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், ஆக்ஸிஜனைவிட இந்த வாயுவோடு 200 மடங்குக்கும் அதிகமான பற்றுடன் இணைகிறது. சிறிதளவு வாயுவே ஆக்ஸிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல். விழித்திருப்பவர் வெளியே ஓடிவிடலாம். உறங்குபவருக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

கரோனா காலத்தில் பல வீடுகளுக்கு வந்த பல்ஸ் ஆக்ஸிமீட்டரும் இங்கே உதவாது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினையும் ஆக்ஸிஜன் ஏறியதையும் அந்தச் சிறு கருவியால் பிரித்தறிய முடியாது. நஞ்சு ஏறியவருக்கும் அது நல்ல எண்ணையே காட்டக்கூடும். திறந்த வெளிக்கு அழைத்துச் செல்வதும், மருத்துவமனையில் தூய ஆக்ஸிஜன் கொடுப்பதுமே முதன்மையான சிகிச்சை.

இன்றைய கார்களின் புகைக்குழாயில் உள்ள வினையூக்கி மாற்றி, இந்த நஞ்சின் பெரும்பகுதியைக் கார்பன் டை ஆக்சைடாக மாற்றிவிடுகிறது என்பது உண்மைதான். ஆனால், அது நன்கு சூடேறினால்தான் முழுமையாக வேலை செய்யும். மூடிய இடத்தில் ஆக்ஸிஜன் குறையக் குறைய எரிதலும் அரைகுறையாகிறது. நம் ஊரின் திறந்த போர்ட்டிகோவிலும், அடுக்ககங்களின் தூண்களுக்கிடையிலான தரைத்தளத்திலும் காற்றோட்டம் இருப்பதால் ஆபத்து குறைவு. ஷட்டர் போட்ட ஷெட், காற்றோட்டம் குறைந்த நிலத்தடி நிறுத்துமிடம், அவற்றை ஒட்டிய படுக்கையறைகள் ஆகியவற்றில்தான் கவலைப்பட வேண்டும். புதிய தனிவீடுகளில் இத்தகைய ஷெட்டுகள் பெருகிவருகின்றன.

வீட்டோடு ஒட்டிய கராஜ் வழக்கமாக உள்ள அமெரிக்காவில் இதன் விலை தெரிந்துவிட்டது. சாவியின்றி இயங்கும் கார்களை அணைக்க மறந்ததால், 2006 முதல் குறைந்தது 28 பேர் கார்பன் மோனாக்சைடுக்குப் பலியானதாக 2018இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழ் கண்டறிந்து வெளியிட்டது. இறந்தவர்களில் பலர் முதியவர்கள். அவை எல்லாம் ஹைபிரிட் கார்கள் அல்ல. ஓசை எழுப்பும் கார்களிலேயே இந்த மறதி நிகழ்ந்திருக்கிறது என்றால், ஓசையற்ற காரில் நிகழ்வதற்குக் கேட்கவா வேண்டும்?

மறதிக்கும் ஓர் இலக்கணம் உண்டு

“கவனமாக இருந்திருக்க வேண்டும்” என்று நண்பர்கள் சொன்னார்கள். கவனம் எங்கே தவறும் என்பதையும் ஆய்வாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். மைக்கேல் பைர்ன், சூசன் போவேர் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 1997இல் வெளியிட்ட கட்டுரை இத்தகைய பிழையைப் பற்றியது. ஒரு வேலையின் முக்கிய நோக்கம் நிறைவேறியதும், அதற்குப் பிறகு செய்ய வேண்டிய சிறு செயலை மனம் கைவிட்டுவிடுகிறது. ஒளிநகல் எடுத்தவர் நகலை எடுத்துக்கொண்டு மூலத்தை இயந்திரத்திலேயே விட்டுவிடுவது இப்படித்தான். ஏடிஎம்மில் பணத்தை எடுத்தவர் அட்டையை மறந்துவிட்டுப் போவதும் இப்படித்தான். வீடு வந்து சேர்வதுதான் நம் நோக்கம். வந்ததும் வேலை முடிந்துவிடுகிறது. பொத்தானை அழுத்துவது அதற்குப் பின்னால் தொங்கும் வால்.

ஏடிஎம் இயந்திரங்களில் இதற்குத் தீர்வு காணப்பட்ட விதம் கவனிக்கத்தக்கது. பல இயந்திரங்கள் அட்டையை எடுத்த பிறகுதான் பணத்தைத் தருகின்றன. மனிதரின் நினைவாற்றலைத் திருத்த முயலாமல், செயல்களின் வரிசையைத் திருத்தினார்கள். கார் தயாரிப்பாளர்கள் செய்தது இதற்கு நேரெதிர். மறக்கவிடாத வரிசையைக் கொண்டிருந்த சாவியை எடுத்துவிட்டு, மறக்க இடமளிக்கும் பொத்தானை வைத்தார்கள்.

விதி என்ன செய்யலாம்?

அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு, ஓட்டுநர் அணைக்காமல் இறங்கினால் உரத்த எச்சரிக்கை ஒலி வேண்டும் என்ற விதியை 2011இல் முன்மொழிந்தது. அது ஆண்டுக்கணக்கில் கிடப்பில் கிடந்தது. 2021 நவம்பரில் அங்கு நிறைவேறிய உள்கட்டமைப்புச் சட்டம், சாவியின்றி இயங்கும் கார்கள் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் வெறுமனே இயங்கினால் தானாக அணைய வேண்டும் என்று விதி வகுக்கும்படி போக்குவரத்துத் துறைக்கு ஆணையிட்டது. இதற்கிடையே சில நிறுவனங்கள் தாமாகவே முன்வந்தன. அமெரிக்காவில் விற்கும் தன் 2020 மாடல் கார்கள் முதல் இந்த வசதியைத் தரப்போவதாக டொயோட்டா 2019இல் அறிவித்தது. இது செய்ய முடியாத ஒன்றல்ல என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. சாவி அருகில் இல்லை, இருக்கையில் ஆளில்லை, வண்டி நிறுத்தநிலையில் இருக்கிறது என்ற மூன்றையும் இன்றைய கார் ஏற்கெனவே அறியும். அறிந்ததன்படி செயல்படச் சொல்வதுதான் பாக்கி.

இந்தியாவிலும் முன்னுதாரணம் உண்டு. 2019 ஜூலை முதல் புதிய கார்களில் சீட்பெல்ட் நினைவூட்டல், வேக எச்சரிக்கை ஒலி, பின்புற உணரி ஆகியவை கட்டாயமாக்கப்பட்டன. மனிதர் மறப்பார் என்பதை ஒப்புக்கொண்டு எழுதப்பட்ட விதிகள் அவை. ஆளில்லாமல் இயங்கும் கார் தானாக அணைய வேண்டும் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. அதைச் சேர்ப்பதற்கு, நம் நாட்டிலும் பலர் இறந்துபோகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எச்சரிக்கை ஒலியும், பூட்டும் ஓசையும் காதுக்கு வெவ்வேறாகக் கேட்க வேண்டும் என்பதையும் அதோடு சேர்க்கலாம்.

அதுவரை நாம் செய்யக்கூடியவை சில. இறங்குமுன் பொத்தானை அழுத்தி, ‘ரெடி’ எழுத்து மறைந்து திரை இருண்டதைக் கண்ணால் பார்க்க வேண்டும். இறங்கும்போது கார் ஒலி எழுப்பினால், ஏன் என்று திரும்பிப் பார்க்க வேண்டும். ஷெட்டுக்கு நிரந்தரமான காற்றுவழி விட வேண்டும். ஷெட்டை ஒட்டிய அறையில் யாராவது உறங்கினால், அங்கு கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் பொருத்த வேண்டும். இணைய அங்காடிகளில் அது கிடைக்கிறது. புதிதாகக் கார் வாங்குவோர் மைலேஜோடு சேர்த்து, “மறந்துவிட்டால் தானாக அணையுமா?” என்றும் விற்பனையாளரிடம் கேட்க வேண்டும்.

எங்கள் வீட்டு ஷட்டரின் கீழ் இப்போது ஓர் அடி இடைவெளி விடுகிறோம். சுவரில் எச்சரிக்கைக் கருவி இருக்கிறது. ஆனாலும், அன்றிரவு எங்களைக் காத்தது எந்தக் கருவியும் அல்ல, வயதானவரின் மெல்லிய தூக்கமும், மகன் சொன்ன பதிலில் திருப்தியடையாத அவர் மனமும்தான். ஒவ்வொரு வீட்டிலும் அப்படி ஒருவர் விழித்திருக்க மாட்டார். இரண்டாவது முறையும் வந்து கேட்கும் அந்தப் பொறுப்பைக் காரே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.