கணவன் விட்டுப்போனதற்குச் சான்று தருவது யார்?

அதிகாலை 3 மணி. மும்பை தாராவியில் ஒரு குறுகிய சந்து. ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிகிறது. உள்ளே ஒரு தாய் இட்லி அவித்துக் கொண்டிருக்கிறார். விடிவதற்குள் வியாபாரிகள் வந்து எடுத்துப் போய்விடுவார்கள். அதன்பின் 2 பிள்ளைகளையும் எழுப்பிப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும்.

கணவர் எங்கே?

“போயி ஆறு வருஷம் ஆச்சு. ஊருப்பக்கம் பார்த்ததா யாரோ சொன்னாங்க” என்கிறார். ஊர் என்றால் திருநெல்வேலிச் சீமை.

அவர் விதவை அல்ல. விவாகரத்து ஆனவரும் அல்ல. ஆனால் வீட்டு வாடகை, பள்ளிச் செலவு, மருந்துச் செலவு எல்லாம் அவர் ஒருவர் தலையில்தான்.

உதவி கேட்டு மனு எழுத வந்த அன்று அவர் சொன்ன வார்த்தை இது: “அண்ணாச்சி, அந்த மனுஷன் செத்திருந்தாலாவது ஒரு சர்டிபிகேட் கிடைச்சிருக்கும்.”

காகிதம் இல்லாத துயரம்

கணவனை இழந்தவர் மரணச் சான்றிதழைக் காட்டலாம். விவாகரத்து ஆனவர் கோர்ட்டு உத்தரவைக் காட்டலாம். சொல்லாமல் கொள்ளாமல் ஒருவன் போய்விட்டால் எந்தக் காகிதத்தைக் காட்டுவது?

மத்திய அரசின் இந்திரா காந்தி விதவை ஓய்வூதியத் திட்டம், வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள 40 வயது நிரம்பிய விதவைகளுக்கானது. மாதம் 300 ரூபாய் என்று 2012-ல் நிர்ணயித்தார்கள். 28 வயதில் தாலி இழந்தவருக்கு அதில் இடம் இல்லை. கைவிடப்பட்டவருக்கும் இடம் இல்லை.

மராட்டிய மாநிலத்தின் சஞ்சய் காந்தி நிராதார் உதவித் திட்டம் அவ்வகையில் மேலானது. கைவிடப்பட்ட பெண்களையும் அது சேர்த்துக் கொள்கிறது. 2023-ல் உதவித்தொகை மாதம் 1,000 ரூபாயில் இருந்து 1,500 ரூபாய் ஆக்கப்பட்டது. ஆனால் அப்போதும் ஆண்டு வருமான வரம்பு 21,000 ரூபாயாகவே இருந்தது. 12 மாதத்துக்குப் பங்கிட்டால் மாதம் 1,750 ரூபாய்!

மும்பையில் 2 பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தப் பணத்தில் பிழைக்க முடியுமா? அதற்கு மேல் சம்பாதித்தால் உதவி கிடையாது. உழைப்பதே குற்றம் என்பது போல் ஆகிவிடுகிறது.

வடக்கே திரண்ட பெண்கள்

இந்தக் குறைகளுக்காகப் போராட்டமே நடந்திருக்கிறது. ராஜஸ்தானில் சுமார் 25 ஆண்டுகளுக்கு முன் “ஏகல் நாரி சக்தி சங்கடன்” என்ற அமைப்பு தோன்றியது. தனித்து வாழும் பெண்களின் சக்தி அமைப்பு என்று பொருள். விதவைகளும் கைவிடப்பட்டவர்களும் அதில் உறுப்பினர்கள்.

2008-ல் இமாசலப் பிரதேசத்தில் இத்தகைய பெண்கள் ஆயிரக்கணக்கில் சிம்லாவை நோக்கி நடந்தார்கள். நிலம், வைத்தியம், தங்கள் பெயரிலேயே ரேஷன் கார்டு ஆகியவை அவர்களுடைய கோரிக்கைகளில் சில. 2013-ல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டம், ரேஷன் கார்டில் 18 வயதுக்கு மேற்பட்ட மூத்த பெண்ணே குடும்பத் தலைவி என்று சொல்கிறது.

தெரிந்துகொள்ள வேண்டியவை

கையில் உள்ள உரிமைகளே பலருக்குத் தெரிவதில்லை.

பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவச வக்கீல் உதவி தர வேண்டும் என்கிறது 1987-ம் ஆண்டுச் சட்டம்.

ஜீவனாம்சம் கேட்க, கணவன் இருக்கும் ஊருக்குப் போக வேண்டியதில்லை. மனைவி வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். மனு கொடுத்த நாளில் இருந்தே ஜீவனாம்சம் கணக்கிட வேண்டும் என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது.

மணமாகாத தாய், தகப்பன் பெயரைச் சொல்லாமலேயே பிள்ளைக்குக் காப்பாளர் ஆகலாம் என்று 2015-ல் அதே கோர்ட்டு தீர்ப்பளித்தது.

மனைவியை இழந்து பிள்ளைகளோடு தனித்து நிற்கும் தகப்பன்மாரும் உண்டு. மத்திய அரசு ஊழியர்களில் அத்தகைய தந்தைக்கும் பிள்ளை பராமரிப்பு விடுப்பு உண்டு என்று 2018-ல் விதி திருத்தப்பட்டது. பணிக்காலம் முழுவதிலும் 730 நாள் வரை எடுக்கலாம்.

ஒரு நோட்டுப் புத்தகம்

இட்லிக்காரத் தாய்க்கு மனு எழுதிக் கொடுத்தவர் சயான் கோலிவாடாவில் குடியிருக்கும் ஒரு குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை 2 மணி நேரம் இதற்கென ஒதுக்குகிறார். காசு வாங்குவதில்லை. மராத்தியில் உள்ள பாரங்களை நிரப்பிக் கொடுக்கிறார். முடிந்தால் லீவு போட்டு ஆபீசுக்கும் துணைக்குப் போகிறார்.

அவரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. எந்த மனு என்று திரும்பியது, என்ன காரணம் சொன்னார்கள் என்று அதில் குறித்து வைக்கிறார். பெயர்களை எழுதுவதில்லை.

“ஒரு மனு திரும்பினால், அந்தப் பெண்ணின் தலைவிதி என்பார்கள். ஒரே காரணத்துக்காக நாற்பது மனு திரும்பினால், அது சட்டத்தில் உள்ள ஓட்டை. அதைக் கொண்டுபோய் எம்.எல்.ஏ.விடம் காட்டலாமே” என்கிறார் அவர்.

அவர் கேட்பவை மூன்று. வருமான வரம்பை இன்றைய விலைவாசிக்கு ஏற்ப உயர்த்த வேண்டும். கைவிடப்பட்டதற்கு அக்கம்பக்கத்தார் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்க வேண்டும். பிள்ளைக் காப்பகம் பேட்டைக்கு ஒன்று வேண்டும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும் என்று 2017-ல் சட்டம் வந்தது. வீட்டில் இட்லி அவிப்பவருக்கு அதனால் என்ன பயன்?

எழுதப் படிக்கத் தெரிந்த தமிழர்கள் மும்பையில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஒவ்வொரு பேட்டையிலும் இப்படி ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தால், அந்தக் கணக்கை யாராலும் தட்டிக் கழிக்க முடியாது.

தாராவித் தாய்க்கு இலவச வக்கீல் கிடைத்துவிட்டார். பாந்த்ரா குடும்ப கோர்ட்டில் ஜீவனாம்ச மனுவும் தாக்கல் ஆகிவிட்டது. முதல் வாய்தாவுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

அன்று பொழுது விடிந்ததும் கோர்ட்டுக்குக் கிளம்ப வேண்டும். ஒருநாள் வியாபாரம் போய்விடுமே என்று அவருக்குக் கவலை.

“நீ போயிட்டு வாம்மா. அடுப்பையும் பிள்ளைங்களையும் நான் பார்த்துக்கிறேன்” என்று சொல்லிவிட்டார், பக்கத்து வீட்டுப் பெரியம்மா.