காலராவின் ரகசியத்தைக் கண்டுபிடித்த கொல்கத்தா பேராசிரியர்



நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது, என் பக்கத்தில் உட்காரும் தோழி ஒரு திங்கட்கிழமை பள்ளிக்கு வரவில்லை. நல்ல மழைக்காலம். அவளுக்கு வாந்திபேதி என்றார்கள். "தண்ணி, தண்ணி" என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். "குடித்தால் இன்னும் போகும், கொடுக்காதீங்க" என்று வீட்டுப் பெரியவர்கள் தடுத்துவிட்டார்களாம். புதன்கிழமை அவள் உயிரோடு இல்லை.

அந்தப் பெரியவர்கள் அவள் மேல் உயிரையே வைத்திருந்தவர்கள். வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஆனால் அதைக் கண்டுபிடித்த விஞ்ஞானி நம் நாட்டிலேயே இருந்தார். அவர் பெயர் சம்புநாத் தே. அவர் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

கிருமி கிடைத்தது, விஷம் கிடைக்கவில்லை!

காலரா வந்தவருக்கு அரிசி கழுவிய கழுநீர் போலப் பேதியாகும். நோய் கடுமையானால் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் நீர்கூட வெளியேறிவிடும். கண்கள் குழி விழும், தோல் சுருங்கும், நாடி தளரும். உடனே கவனிக்காவிட்டால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து.

ஜெர்மனி நாட்டு விஞ்ஞானி ராபர்ட் காக், காலராவை ஆராய 1883-ம் ஆண்டு கடைசியில் கொல்கத்தா வந்தார். 1884-ல் இந்த நோய்க்குக் காரணம் காற்புள்ளி போல வளைந்த ஒரு பாக்டீரியா என்று அறிவித்தார். அந்தக் கிருமி ஏதோ ஒரு விஷத்தைச் சுரக்கிறது என்றும் அவர் கருதினார். ஆனால் அந்த விஷம் மட்டும் யார் கையிலும் சிக்கவில்லை. பத்து, இருபது ஆண்டுகள் அல்ல, மொத்தம் 75 ஆண்டுகள்!

ஏன் சிக்கவில்லை? பலர் கிருமியை விலங்குகளின் ரத்தத்திலும் வயிற்றறைக்குள்ளும் ஊசி மூலம் செலுத்திப் பார்த்தார்கள். அந்த விலங்குகளுக்கு மனிதருக்கு வருவது போன்ற பேதி வரவில்லை. தேடியது சரியான பொருளைத்தான். தேடிய இடம்தான் தவறு!

கட்டிய குடலில் ஒரு சோதனை

சம்புநாத் தே 1915-ல் வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். கொல்கத்தா மருத்துவக் கல்லூரியில் படித்தார். லண்டன் சென்று 1949-ல் முனைவர் பட்டம் பெற்றார். திரும்பி வந்து மருத்துவக் கல்லூரியில் மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். ஆமாம், என்னைப் போல அவரும் ஓர் ஆசிரியர்தான்!

அவர் மனதில் எழுந்தது மிக எளிய கேள்வி: "காலரா குடலில் வரும் நோய். அப்படியானால் கிருமியைக் குடலுக்குள் அல்லவா வைத்துப் பார்க்க வேண்டும்?"

முயல் ஒன்றுக்கு மயக்க மருந்து கொடுத்து, அதன் சிறுகுடலில் ஒரு சிறு பகுதியை இரண்டு பக்கமும் நூலால் கட்டினார். கட்டிய பகுதிக்குள் காலராக் கிருமிகளை ஊசியால் செலுத்தி, வயிற்றைத் தைத்துவிட்டார். மறுநாள் பார்த்தால், அந்தப் பகுதி மட்டும் பலூன் போல உப்பியிருந்தது. உள்ளே கழுநீர் போன்ற நீர்! கிருமி இல்லாத திரவத்தைச் செலுத்திய பகுதி உப்பவே இல்லை. இந்தச் சோதனையை அவரும் அவருடன் பணியாற்றியவரும் 1953-ல் வெளியிட்டார்கள்.

இப்போது நீங்கள் ஒரு கேள்வி கேட்க வேண்டும். நீரை வரவழைத்தது கிருமியா, கிருமி சுரந்த விஷமா? இதற்கு விடை காண என்ன செய்யலாம்? கொஞ்சம் யோசித்துவிட்டு மேலே படியுங்கள்.

தே செய்தது இதுதான். கிருமிகளைத் திரவத்தில் வளர்த்தார். பிறகு மிக மிக நுண்ணிய துளைகள் கொண்ட வடிகட்டியில் அந்தத் திரவத்தை வடித்தார். கிருமிகள் மேலேயே தங்கிவிட்டன. கீழே இறங்கிய திரவத்தில் ஒரு கிருமிகூட இல்லை. அதை மட்டும் முயலின் குடலுக்குள் செலுத்தினார். குடல் மறுபடியும் உப்பியது!

கிருமியே இல்லை, ஆனாலும் நோயின் வேலை நடக்கிறது. அப்படியென்றால் கிருமி விட்டுச்சென்ற விஷம்தான் குற்றவாளி! 1959-ல் 'நேச்சர்' என்ற புகழ்பெற்ற அறிவியல் இதழில் இந்தக் கண்டுபிடிப்பு வெளியானது. முயல், நூல், ஊசி, வடிகட்டி, இவற்றோடு ஒரு நல்ல கேள்வி. 75 ஆண்டுப் புதிர் அவிழ்ந்துவிட்டது.

மாங்காய் சொல்லும் பாடம்

இந்த விஷம் எப்படி வேலை செய்கிறது? பின்னால் வந்த விஞ்ஞானிகள் அதைப் படிப்படியாகக் கண்டுபிடித்தார்கள்.

விஷத்துக்கு ஆறு துண்டுகள் உண்டு. ஐந்து துண்டுகள் சேர்ந்து ஐந்து விரல் போலக் குடல் செல்லைப் பற்றிக்கொள்ளும். ஆறாவது துண்டின் ஒரு பகுதி செல்லுக்குள் நுழைந்து, அங்குள்ள ஒரு 'சுவிட்ச்'சை நிறுத்த முடியாதபடி போட்டுவிடும். உடனே செல்லில் இருந்து உப்புகள் குடலுக்குள் கொட்டத் தொடங்கும்.

ஊறுகாய்க்கு நறுக்கிய மாங்காயில் அம்மா உப்புப் போட்டுக் குலுக்கி வைப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? மறுநாள் ஜாடியில் நீர் நின்றிருக்கும். உப்பு, மாங்காயில் இருந்த நீரை இழுத்துவிட்டது. குடலிலும் அதேதான்! உப்பு போகும் பக்கம் நீரும் போகிறது. உடம்பின் நீரெல்லாம் இப்படித்தான் வெளியேறுகிறது.

காலராவில் குடலின் உட்சுவர் உரிந்துவிடுகிறது என்று முன்பு பலர் நினைத்தார்கள். உண்மையில் சுவருக்கு ஒன்றும் ஆவதில்லை. விஷம் ஒரு கதவைத் திறந்து போட்டுவிடுகிறது, அவ்வளவுதான். சர்க்கரையும் உப்பும் சேர்ந்து உள்ளே போகிற இன்னொரு கதவு எப்போதும் போல வேலை செய்கிறது. அவை உள்ளே போனால் நீரும் கூடவே போகும்! வெறும் உப்பு நீரைவிட, சர்க்கரையும் சேர்ந்த உப்பு நீர் நோயாளியைக் காப்பாற்றுவது இதனால்தான்.

1971-ல் வங்கதேசப் போரின்போது, எல்லையில் உள்ள பன்கான் என்ற ஊரில் அகதிகள் முகாமில் காலரா பரவியது. நரம்பு வழியாக ஏற்றும் சலைன் பாட்டில்கள் போதவில்லை. டாக்டர் திலீப் மகலனாபிஸ் என்பவர் குளுக்கோஸ், உப்பு, சமையல் சோடா மூன்றையும் நீரில் கலந்து குடிக்கக் கொடுத்தார். முன்பு நூற்றுக்கு முப்பது பேர்வரை இறந்த முகாமில், அந்த எண்ணிக்கை நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. இன்று மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இந்த வழியில் வந்ததுதான். 2023-ல் நம் அரசு அவருக்கு பத்ம விபூஷண் விருது அறிவித்தது. அதைக் காண அவர் இல்லை. 2022-லேயே மறைந்துவிட்டார்.

பாராட்டு தாமதமாகலாம்

சம்புநாத் தேயின் கண்டுபிடிப்பு காலராவோடு நிற்கவில்லை. ஈ.கோலை என்ற பாக்டீரியாவின் சில வகைகளும் இதே மாதிரி விஷம் சுரந்து பேதியை உண்டாக்குகின்றன என்பது பிறகு தெரிந்தது. அவர் கட்டிய முயல் குடல் முறைதான் பல நாட்டு ஆய்வுக்கூடங்களுக்கும் வழி காட்டியது.

ஆனால் அவருக்கு உள்நாட்டில் பெரிய விருது எதுவும் கிடைக்கவில்லை. 1978-ல் ஸ்வீடனில் காலரா பற்றி நடந்த நோபல் கருத்தரங்குக்கு அவரை அழைத்தார்கள். நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பர்க், அந்தப் பரிசை இவருக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒரு முறைக்கு மேல் பரிந்துரைத்தார். பரிசு வரவில்லை. 1985-ல் தே காலமானார். அதற்குப் பிறகுதான், 1990-ல், 'கரண்ட் சயின்ஸ்' என்ற இந்திய அறிவியல் இதழ் அவருக்காக ஒரு சிறப்பிதழ் வெளியிட்டது.

விருது இருக்கட்டும். இன்று உலகில் எந்த மூலையிலாவது பேதி வந்த குழந்தைக்கு ஒரு தாய் பயமில்லாமல் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்கிறாள் அல்லவா? அந்த டம்ளருக்குப் பின்னால் இவரைப் போன்ற பலரின் உழைப்பு இருக்கிறது.

நினைவில் வையுங்கள்

வீட்டில் யாருக்காவது பேதியானால் தண்ணீரை நிறுத்தக் கூடாது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இருந்தால், அதில் எழுதியுள்ள அளவு நீரில் முழுவதையும் கரையுங்கள். இல்லாவிட்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அளவு கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி குடிக்கக் கொடுக்க வேண்டும். பெரியவர்களிடம் சொல்லி உடனே மருத்துவரிடமும் அழைத்துப் போக வேண்டும்.

கழிப்பறைக்குப் போய் வந்ததும், சாப்பிடும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். குடிநீரைக் காய்ச்சிக் குடியுங்கள். கிருமி உள்ளே வந்தால்தானே விஷம் சுரக்கும்?

இன்று மாலை இந்த ஆறும் அரையும் கணக்கை உங்கள் பாட்டியிடம் ஒரு முறை சொல்லிக் காட்டுங்கள். என் தோழியின் வீட்டில் அன்று ஒருவருக்காவது இந்தக் கணக்கு தெரிந்திருந்தால், அவளும் இன்று பாட்டியாகியிருப்பாள்.