நீரும் தூய்மையும்

பழநிமலையின் மேற்பரப்பில் உள்ளது கோடைக்கானல். அங்குள்ள சோலைகளும் புல்வெளிகளும் மழைநீரை உள்வாங்கிச் சுனைகளாய்ச் சிறுகச் சிறுக வழங்குவன. புல்வெளிகளிற் பெரும்பகுதியைத் தைலமரமும் சீகைமரமும் கவர்ந்துகொண்டன. அதனால் நீர்வளம் குன்றலாயிற்று.

நீரில்லாப் பள்ளியிற் கழிப்பிடம் இருந்தும் பயனில்லை. கைகழுவ நீரின்றேல் நோய் பரவும். வயதுவந்த மாணவியர் பள்ளிக்கு வர நாணுவர்.

இவ்விடர் நாடெங்கும் உண்டு. 1967ஆம் ஆண்டு வறட்சியின்போது ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியம் பாறை துளைக்கும் பொறிகளை இந்தியாவிற்கு அளித்தது. அதன் துணையோடு 1970களில் நம் நாட்டிலேயே உருவான ‘இந்தியா மார்க் 2’ கைப்பம்பு, கோவைப் பகுதியிற் சோதிக்கப்பெற்றுப் பின்னர்ச் சிற்றூர்தோறும் பரவிற்று.

எனினும், துளைக்கிணற்றுக்கும் மழையே தாய். பிறநாட்டார் பொறி நல்கலாம். சோலையைக் காத்தலும், பம்பின் பழுது நீக்கலும், கழிப்பிடத்தைத் தூய்மையாக வைத்தலும் நம் கடமையாம்.